ஐம்பதுக்குப் பூஜ்யம்: தோல்வி காணாத சாம்பியனை எப்படி எடைபோடுவது?

சென்ற வாரம் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில், மாலைப் பயிற்சி முடித்து வந்த கல்லூரித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, ஃபிளாய்ட் மேவெதர் அம்பது சண்டையிலயும் ஜெயிச்சிருக்காரு. முகமது அலியே அஞ்சு தடவ தோத்திருக்காரு. அப்பம் மேவெதர்தான பெரிய ஆளு? தோக்காதவர பெரிய ஆளுன்னு சொல்லதுக்கு இன்னும் என்ன வேணும்?" பேட்டைக்குப் போகும் அவருடைய பேருந்து வந்துவிட்டதால் அப்போது பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாவட்டப் போட்டிகளிலும் கல்லூரிப் போட்டிகளிலும் ரிங் ஓரத்தில் உட்கார்ந்து புள்ளி போட்டவன் என்பதால், அரைகுறையாக விட்ட அந்தப் பதில் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மாபெரும் வீரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தோற்றிருக்கக்கூடிய இரவுகள் எத்தனை, அந்த இரவுகளுக்குள் அவர் தாமாகவே நடந்து போனாரா, போன இடத்தில் நிலைமை கைமீறியபோது என்ன செய்தார் என்று பார்த்த பிறகே அந்தச் சொல்லைப் பயன்படுத்துவேன். மேவெதர் இந்தச் சோதனையில் தேறுகிறார். ஆனால் அவரைத் தேறவைப்பது ஐம்பது என்ற எண் அல்ல. அந்த ஐம்பதுக்குள் இருக்கும் ஏழெட்டுச் சண்டைகள்.

முதலில், அந்தப் பூஜ்யம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் மாவட்டப் போட்டியில் காலையில் எடை பார்ப்பார்கள்; ஒவ்வொரு எடைப் பிரிவிலும் வந்திருப்பவர்களுக்குச் சீட்டுப் போடுவார்கள்; சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோதியே ஆக வேண்டும். போன வருடத்துச் சாம்பியனே முதல் சுற்றில் வந்து நின்றாலும் மறுக்க வழியில்லை. ஒலிம்பிக் வரைக்கும் அமெச்சூர் குத்துச்சண்டையின் முறை இதுதான். அதனால்தான் அமெச்சூரில் நீண்ட காலம் ஆடி ஒருமுறைகூடத் தோற்காதவரைக் காண்பது மிகவும் அரிது. தோல்வியே அறியாதவர் என்று நாம் சொல்லும் மேவெதரும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 57 கிலோ பிரிவு அரையிறுதியில் பல்கேரியாவின் செராஃபிம் தொதோரோவிடம் 10-9 என்ற புள்ளிக்கணக்கில் தோற்று, வெண்கலத்தோடுதான் ஊர் திரும்பினார். அந்தத் தீர்ப்பை அமெரிக்க அணி முறையீடு செய்தது. எனக்கும் அது நியாயமான தீர்ப்பாகப் படவில்லை. ஆனாலும் எதிராளியைத் தேர்ந்தெடுக்க முடியாத இடத்தில், தீர்ப்பும் தன் பக்கம் வராமல் போகலாம் என்ற நிலையில்தான் எல்லா அமெச்சூர் வீரரும் ரிங்கில் ஏறுகிறார்கள்.

தொழில்முறையில் சீட்டுக் கிடையாது. யாரோடு, எந்த ஊரில், எந்த எடையில், எத்தனை ரவுண்டு, எத்தனை அவுன்ஸ் க்ளவுஸ் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்படுபவை. ஓர் இளைஞரை வளர்க்க நினைக்கும் புரொமோட்டர், முதல் பத்துப் பதினைந்து சண்டைகளுக்கு அவரால் வெல்லக்கூடியவர்களையே தேடிக் கொண்டுவருவார். இதில் மோசடி ஒன்றும் இல்லை. வேர் பிடிக்கும்வரை நாற்றைப் பொத்திப் பொத்தி வளர்ப்பது போன்றதுதான் அது. ஆனால் நாற்றங்காலைவிட்டு நடவுக்கே போகாத பயிரை விளைச்சல் கணக்கில் எழுத முடியாது. நம் நாட்டிலேயே பாருங்கள்: விஜேந்தர் சிங் 2015-ல் தொழில்முறைக்குப் போய் 12 சண்டைகளில் தொடர்ந்து வென்று, 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்ய வீரர் ஆர்திஷ் லோப்சானிடம்தான் முதன்முறையாகத் தோற்றார். அந்தப் பன்னிரண்டு வெற்றிகளையும் ஒரு தட்டில் வைத்து, 2008 பெய்ஜிங்கில் வாங்கிய ஒற்றை வெண்கலத்தை மறுதட்டில் வைத்தால், என் தராசு வெண்கலத்தின் பக்கம்தான் சாயும். சீட்டில் வந்தவரையெல்லாம் சந்தித்து வாங்கிய பதக்கம் அது.

தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின் என்ற பெயரை அந்தத் தம்பி கேள்விப்பட்டதில்லை என்றார். அவருடைய கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. குத்துச்சண்டையில் ஆகக் குறைந்த எடையான மினிமம்வெயிட் பிரிவில் டபிள்யூ.பி.சி. பட்டத்தை (ஒரே எடைக்கு டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஓ., ஐ.பி.எஃப். என்று பல அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் தருகின்றன) வைத்திருந்த வான்ஹெங், 2018-ல் மேவெதரின் ஐம்பதைத் தாண்டி, 54 வரை தோல்வியின்றிப் போனார். 2020 நவம்பரில் அவரைத் தோற்கடித்தவரும் ஒரு தாய்லாந்துக்காரரே. எண்தான் அளவுகோல் என்றால் மேவெதரை ஓரமாக நிறுத்திவிட்டு வான்ஹெங்கைப் பல்லக்கில் ஏற்றியிருக்க வேண்டும், யாரும் ஏற்றவில்லை. திறமையான, பொறுமையான, ஒழுங்கான வீரர்தான் அவர். ஆனால் அதே எடையில் மற்ற பட்டங்களை வைத்திருந்தவர்களோடு மோதிப் பட்டங்களை ஒன்றுசேர்க்கவில்லை. பெரும்பாலும் சொந்த நாட்டு ரிங்கிலேயே நின்றுவிட்டார். 54 என்ற எண் பெரியதாக இருந்தும் அதற்குள் அடையாளம் சொல்லிக் காட்டத்தக்க எதிராளிகள் இல்லை.

எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளி போடும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; பார்வையாளர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. தோற்காத வீரர் என்ற பெயர் சில சமயம் இரண்டு விநாடியில் தங்கியிருக்கும். 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மெக்சிகோவின் ஹூலியோ சேசார் சாவேஸும் அமெரிக்காவின் மெல்ட்ரிக் டெய்லரும் மோதினார்கள். இருவருமே அதுவரை தோற்காதவர்கள். மூன்று ஜட்ஜுகள் இருப்பார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9, கீழே விழுந்தால் 8 என்று எழுதுவார்கள். பன்னிரண்டாவது ரவுண்டு தொடங்கும்போது டெய்லர் இரண்டு ஜட்ஜுகளின் தாளில் எட்டிப்பிடிக்க முடியாத தூரத்தில் முன்னிலையில் இருந்தார். ஆனால் வாங்கிய அடி அவர் முகத்தைச் சிதைத்திருந்தது. கடைசி ரவுண்டின் முடிவில் சாவேஸின் வலது கை அவரைக் கார்னரில் வீழ்த்தியது, எழுந்து நின்றார், நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் "நன்றாக இருக்கிறாயா" என்று கேட்டபோது டெய்லரின் கண்கள் தன் பயிற்சியாளர்கள் நின்ற கார்னர் பக்கம் திரும்பின, பதில் வரவில்லை, ஸ்டீல் சண்டையை நிறுத்திவிட்டார். மணியடிக்க இரண்டே விநாடி பாக்கி. அந்த இரண்டு விநாடியும் கடந்திருந்தால் சாவேஸ் புள்ளியில் தோற்றிருப்பார். என்னைப் பொறுத்தவரை ஸ்டீல் செய்தது சரி. ரிங்கில் நிற்கும் நடுவருக்கு வீரரின் உயிர்தான் முதல் கணக்கு, கடிகாரம் அதற்குப் பிறகுதான்.

சாவேஸ் 87 வெற்றி, பூஜ்யம் தோல்வி என்ற கணக்கோடு 1993 செப்டம்பரில் சான் அந்தோனியோவில் பெர்னெல் விட்டேகரைச் சந்தித்தார். அன்று தெளிவாக நன்றாக ஆடியவர் விட்டேகர். இரண்டு ஜட்ஜுகள் 115-115 என்று எழுதியதால் சண்டை சமனில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. சாவேஸின் தோல்விக் கட்டத்தில் அன்றும் பூஜ்யமே நின்றது. அந்தச் சண்டையைப் பார்த்த எவரும் அந்தப் பூஜ்யத்தை நம்பவில்லை. இவ்வளவுக்கும் சாவேஸ் மாபெரும் வீரர்தான். டெய்லரைப் பதினொரு ரவுண்டும் விடாமல் பின்தொடர்ந்து, தோற்றுக்கொண்டிருக்கும்போதே அவரை உடைத்த அந்த மன உறுதி எத்தனையோ தோல்வியற்ற வீரர்களிடம் கிடையாது. அவர் பெருமைக்குச் சான்று விட்டேகர் சண்டையின் தீர்ப்பு அல்ல, டெய்லர் சண்டையின் கடைசி மூன்று நிமிடங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

மேவெதருக்கும் இப்படி ஓர் இரவு உண்டு. 2002 ஏப்ரல் 20 அன்று லைட்வெயிட் பட்டத்துக்காக ஹோசே லூயிஸ் காஸ்டில்யோவைச் சந்தித்தார். முதல் சில ரவுண்டுகளை மேவெதர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு காஸ்டில்யோ அவரைக் கயிற்றோரம் தள்ளி, உடம்பில் அடித்து, மேவெதரை அதுவரை யாரும் பார்த்திராத அளவுக்குச் சாதாரண வீரராக ஆக்கினார். ஜட்ஜுகள் 115-111, 115-111, 116-111 என்று மேவெதருக்கே கொடுத்தார்கள். நான் அந்தச் சண்டையை மூன்று முறை புள்ளி போட்டுப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் காஸ்டில்யோ ஒன்றிரண்டு புள்ளிகளில் முன்னால் வந்தார். ஆகவே ஐம்பதுக்குப் பூஜ்யம் என்பது என் நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தொன்பதுக்கு ஒன்று. ஆனால் மேவெதரை நான் மதிப்பதற்கான காரணங்களில் ஒன்றும் அங்கேதான் தொடங்குகிறது. தீர்ப்புத் தன் பக்கம் வந்த பிறகு ஒதுங்கிப் போவதற்கு அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவரோ அதே ஆண்டு டிசம்பரில் அதே காஸ்டில்யோவை மறுபடி சந்தித்து, இந்த முறை நகர்ந்து நகர்ந்து ஆடி, சந்தேகத்துக்குப் பெரிதாக இடம் வைக்காமல் வென்றார்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன். வேல்ஸ் நாட்டின் ஜோ கால்சாகி 1997-ல் கிறிஸ் யூபேங்கை வென்று சூப்பர் மிடில்வெயிட் பிரிவில் டபிள்யூ.பி.ஓ. பட்டம் பெற்றார். அதற்கு அடுத்த ஆண்டு அதே எடையில் ஐ.பி.எஃப். பட்டத்தை ஜெர்மனியின் ஸ்வென் ஒட்கே பெற்றார். ஒட்கே 2004-ல் 34 சண்டை, பூஜ்யம் தோல்வி என்று ஓய்வு பெற்றார். கால்சாகி 2008-ல் தன் கடைசிச் சண்டையை ஆடி, 46-க்குப் பூஜ்யம் என்று முடித்தார். இருவரும் தத்தம் பட்டத்தை 21 முறை காத்திருக்கிறார்கள். ஒரே எடை, ஒரே காலம், ஒரே கண்டம், இருவருமே தோற்காதவர்கள்; ஆனால் இருவரும் ஒருமுறைகூட ஒருவரோடு ஒருவர் மோதவில்லை. ஒட்கே கிட்டத்தட்டத் தன் வாழ்நாள் முழுக்க ஜெர்மன் ரிங்குகளிலேயே ஆடினார். 2003-ல் ராபின் ரீட் அவரோடு ஆடிய சண்டையின் தீர்ப்பு இன்றும் வாய்ச்சண்டைக்கு உரியதாகவே இருக்கிறது.

இது நம் பக்கத்து மின்னொளிக் கபடியை நினைவூட்டுகிறது. கோயில் கொடையையொட்டி ஊர்த் திடலில் விளக்குக் கட்டி ஆட்டம் நடக்கும்போது, உள்ளூர் அணிக்குத் தோல்வியே வராத திடல்கள் சில உண்டு; மண் அவர்களுடையது, கூச்சல் அவர்களுடையது, சில நேரம் விசிலும் அவர்களுடையது. அந்த அணியைப் பற்றிப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அசலூர் போய் ஆடியிருக்கிறார்களா? தாமிரபரணிக்கு இந்தப் பக்கமே நின்று சேர்த்த கோப்பைகளை அவர்கள் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். மணத்தியிலிருந்து புறப்பட்டு 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு வரை போய்த் தங்கம் வென்ற அணியில் ஆடிய கணேசனை நம் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவது, அவர் எங்கெங்கே போய் ஆடினார் என்பதனால்தான்.

கால்சாகியும் நெடுங்காலம் ஊர்த் திடல் வீரராகவே இருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2005-ன் முடிவில் அவர் கணக்கு 40-க்குப் பூஜ்யம். கைகளில் ஓயாத காயம் வேறு. அன்றைக்கே அவர் ஓய்வு பெற்றிருந்தால் ஒட்கேயைப் போல ஒரு வரியில் முடிந்திருப்பார். 2006 மார்ச்சில், தோற்காத அமெரிக்கச் சாம்பியன் ஜெஃப் லேசி மான்செஸ்டருக்கு வந்தார். லேசிதான் வெல்வார் என்று பலரும் எழுதினார்கள். கால்சாகி பன்னிரண்டு ரவுண்டும் குத்து மழை பொழிந்து அவரை நிலைகுலைய வைத்தார். 2007 நவம்பரில் கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில், 39 சண்டைகளில் தோற்காத டென்மார்க்கின் மிக்கெல் கெஸ்லரை வென்றார். 2008 ஏப்ரலில் முதன்முறையாக அமெரிக்கா சென்று, லைட் ஹெவிவெயிட்டுக்கு எடை கூட்டி, பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம் முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து, எழுந்து, இரண்டுக்கு ஒன்று என்ற ஜட்ஜுகளின் தீர்ப்பில் வென்றார். 2005-ல் இருந்த பூஜ்யமும் 2008-ல் இருந்த பூஜ்யமும் எழுத்தில் ஒன்றுதான்; ஆனால் முன்னதை வைத்து அவரை மாபெரும் வீரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது, பின்னதை வைத்துச் சொல்ல ஒரு கணமும் தயங்க மாட்டேன்.

ஹாப்கின்ஸுக்கு அப்போது வயது 43 என்று மறுப்பவர்கள் உண்டு. எதிராளியின் வயதைக் கேட்பது சரியான கேள்விதான். ஆனால் அதற்கு விடை பிறந்த தேதியில் மட்டும் இல்லை, அந்த எதிராளி பிறகு என்ன செய்தார் என்பதிலும் இருக்கிறது. ஹாப்கின்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் தோற்காத கெல்லி பாவ்லிக்கை வென்றார். 2011-ல் 46 வயதில் ஜான் பாஸ்காலை வென்று உலகப் பட்டம் பெற்றார். அப்படியானால் 2008-ல் கால்சாகி எதிர்கொண்டது ஓய்ந்துபோன கிழவரை அல்ல. ராக்கி மார்சியானோவின் கணக்கை இதே கேள்வியோடு பார்த்தால் வேறு விதமான விடை வருகிறது. 49 சண்டை, 43 நாக்-அவுட், பூஜ்யம் தோல்வி. ஹெவிவெயிட் சாம்பியன்களில் தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றவர் என்று இன்றும் முதலில் சொல்லப்படுபவர் அவர். 1951 அக்டோபரில் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37; அதுதான் லூயிஸின் கடைசிச் சண்டை. 1952-ல் பட்டத்தை இழந்த ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. மார்சியானோவின் காலத்தில் ஹெவிவெயிட் பிரிவே வயதாகிப்போயிருந்தது என்று சொல்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஆனாலும் மார்சியானோவை என்னால் கீழே இறக்க முடியாது. 1952 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் முதல் ரவுண்டிலேயே வால்காட் அவரை வீழ்த்தினார்; வாழ்க்கையில் அவர் விழுந்தது அதுவே முதல் முறை. பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது புள்ளி போட்ட மூவரின் தாளிலும் வால்காட்டே முன்னிலை. அந்தக் காலத்தில் பட்டச் சண்டை பதினைந்து ரவுண்டு. பதின்மூன்றாவது ரவுண்டில் வால்காட் கயிற்றுப் பக்கம் சாய்ந்தபோது மார்சியானோவின் வலது கை சில அங்குலங்களே பயணம் செய்து தாடையைத் தொட்டது. வால்காட் கயிற்றில் ஒரு கை தொங்க, அப்படியே மடிந்தார். 1954 செப்டம்பரில் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு ஆடிய இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்து, ரத்தம் நிற்கவில்லை. மருத்துவர் எந்த நேரமும் சண்டையை நிறுத்தக்கூடும் என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் சார்ல்ஸை வீழ்த்தினார். இந்த இரண்டு இரவுகளும் இல்லாமல் வெறும் 47-க்குப் பூஜ்யம் என்றால், பலமான கை உள்ள ஒருவர் நல்ல காலத்தில் பிறந்தார் என்று சொல்லி நான் கடந்து போயிருப்பேன்.

இதனால்தான் ஒரு வீரரைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு மிக மோசமாகப் போன ரவுண்டு எது என்று நான் தேடிப் போகிறேன். மேவெதருக்கு அது 2010 மே 1 அன்று ஷேன் மோஸ்லியோடு ஆடிய இரண்டாவது ரவுண்டு. மோஸ்லியின் வலது கை இரண்டு முறை முழுதாக இறங்கியது. இரண்டாவது முறை மேவெதரின் முழங்கால்கள் மடங்கின. அவர் செய்தது இதுதான்: மோஸ்லியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், மூச்சு வாங்கினார், அந்த ரவுண்டை மோஸ்லிக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்த ரவுண்டில் பின்வாங்குவார் என்று எல்லாரும் நினைத்தபோது முன்னால் வந்து நின்றார். கிட்டத்தட்ட மீதி இருந்த எல்லா ரவுண்டுகளும் அவருடையவை. தற்காப்பு என்றால் ஓடுவது என்று நினைப்பவர்கள் இந்தச் சண்டையைப் பார்க்க வேண்டும். இடது தோளை உயர்த்தி அடியை அதன்மீது வழியவிட்டு, அதே அசைவில் வலது கையைத் திருப்பி அனுப்பும் அந்த வித்தையை, கால் ஆடிக்கொண்டிருக்கும் மனிதர் அச்சமின்றிச் செய்தார்.

மேவெதர் வென்றவர்களின் வரிசையும் வலுவானது. 2001 ஜனவரியில் தோற்காத டியேகோ கோராலஸை ஐந்து முறை வீழ்த்தியது, என் கண்ணுக்கு அவருடைய ஆகச்சிறந்த சண்டை. அன்று இருவருமே இளமையின் உச்சியில் இருந்தார்கள். 2007 டிசம்பரில் 43 சண்டைகளில் தோற்காத ரிக்கி ஹாட்டன். 2013 செப்டம்பரில் 42 வெற்றிகளோடு வந்த 23 வயது கனேலோ ஆல்வாரெஸ். அந்தச் சண்டையில் 154 பவுண்டுப் பிரிவுப் பட்டத்துக்கு 152 பவுண்டு என்று எடையைக் குறைக்கச் சொன்னது மேவெதரின் பேரம்பேசும் வலிமையைக் காட்டுகிறது, அது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் கனேலோ பிறகு எவ்வளவு உயரம் போனார் என்பதைப் பார்த்தால் அந்த வெற்றியின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. 130 பவுண்டிலிருந்து 154 வரை ஐந்து எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம்.

குறை எங்கே என்றால், அதே காலத்தின் இன்னொரு பெரிய வீரரான பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ். 2009-ன் இறுதியில் தொடங்கிய பேச்சுவார்த்தை முறிந்து, முறிந்து, சண்டை நடந்தது 2015 மே 2 அன்று. மேவெதருக்கு 38, பாக்கியாவுக்கு 36. நடுவில் 2012-ல் மார்க்கேஸின் ஒரே குத்தில் பாக்கியாவ் நினைவிழந்து விழுந்துமிருந்தார். சண்டை தள்ளிப்போனதற்குப் பழி இரு பக்கமும் உண்டு. ஆனால் 2010-ல் நடந்திருக்க வேண்டிய சண்டைக்கு 2015-ன் வெற்றி ஈடாகாது. ஐம்பதாவது சண்டையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் மேவெதர் எதிர்கொண்ட கானர் மெக்ரிகர் அதற்கு முன் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டையும் ஆடியதில்லை. மார்சியானோவின் 49-ஐத் தாண்டிய எண் அதுவே என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தோல்வியைப் பற்றி அந்தத் தம்பி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். முகமது அலி 1971-ல் ஃபிரேசியரிடம் தோற்றார், 1973-ல் நார்ட்டன் அவர் தாடையை உடைத்தார். இருவரையும் திரும்பச் சந்தித்து வென்ற பிறகு, 1974-ல் கின்ஷாசாவில், அதுவரை தோற்காத ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தினார். 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது நம் மக்கள் கூடியது தோல்விக் கணக்கைப் பார்த்து அல்ல. சுகர் ரே ராபின்சனோ இன்னும் தெளிவான சாட்சி. 1943 பிப்ரவரி 5 அன்று ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வி. மூன்றே வாரத்தில் அதே டெட்ராய்ட் நகரில், தன்னைவிட எடை கூடிய அதே லமோட்டாவை வென்றார். அதன் பிறகு எட்டாண்டுகளுக்கும் மேல் தோல்வியே இல்லை. 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் தோற்றார். இரண்டே மாதத்தில் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஜீன் டனி 1922-ல் ஹாரி கிரெப்பிடம் மூக்குடைந்து, ரத்தம் வடிய, வாழ்க்கையின் ஒரே தோல்வியைச் சந்தித்தார். பின்னர் அதே கிரெப்போடு இன்னும் நான்கு முறை ரிங்கில் ஏறினார். 1926-ல் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியை வெல்லும் அளவுக்கு அவரைச் செதுக்கியது கிரெப்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று இளம் வீரர்களையும் அவர்களுடைய மேனேஜர்களையும் அந்தப் பூஜ்யம் படுத்தும் பாட்டைப் பார்க்கிறேன். ஒரு தோல்வி வந்தால் விலை குறைந்துவிடும் என்ற அச்சத்தில், மோதியிருக்க வேண்டியவர்கள் ஐந்தாண்டு, ஆறாண்டு ஒருவரையொருவர் சுற்றிவருகிறார்கள். 48-க்குப் பூஜ்யம் என்று வந்த லாரி ஹோம்ஸ், மார்சியானோ கடைசியாக ஆடிய நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டு கழித்து, 1985 செப்டம்பர் 21 அன்று, மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளியில் தோற்றார். 49-ஐத் தொட முடியாமல் போனதால் ஹோம்ஸ் ஏழாண்டு ஹெவிவெயிட்டை ஆண்ட ஆட்சி எந்த விதத்திலும் சிறுத்துவிடவில்லை.

இந்த அச்சத்துக்கு இடங்கொடுக்காத இரண்டு தோல்வியற்றவர்கள் நம் காலத்திலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், பட்டத்துக்காகப் போலந்து வீரரைப் போலந்திலும், லாட்வியா வீரரை ரீகாவிலும், ரஷ்ய வீரரை மாஸ்கோவிலும், ஆங்கிலேயரான ஜோஷுவாவை லண்டனிலும் போய் வென்றார். 2024 மே மாதம் தன்னைவிட மிகப் பெரிய உருவம் கொண்ட டைசன் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட்டில் நான்கு பட்டங்களையும் ஒன்றுசேர்த்தார். அசலூர் போனாரா என்று எங்கள் பெரியவர்கள் கேட்டால், இவர் ஆடியதெல்லாம் அசலூர்தான் என்று சொல்லலாம். டெரன்ஸ் க்ராஃபோர்ட் 2023 ஜூலையில் தோற்காத எரல் ஸ்பென்ஸை மூன்று முறை வீழ்த்தி ஒன்பதாவது ரவுண்டில் முடித்தார். 2025 செப்டம்பரில் இரண்டு எடைப் பிரிவுகளைத் தாண்டி 168 பவுண்டுக்கு ஏறி கனேலோவை வென்று, 42-க்குப் பூஜ்யம் என்ற கணக்கை எட்டினார். 37 வயதில் அந்தச் சண்டையைத் தேடிப் போனவர் அவரே. மேவெதரா க்ராஃபோர்டா என்று கேட்டால் எதிராளிகளின் வரிசையில் மேவெதர் மேல், தேடிப் போன துணிவில் க்ராஃபோர்ட் மேல் என்பது என் கணிப்பு. இருவருமே ராபின்சனுக்குக் கீழேதான்.

ஆகவே தம்பி, மேவெதர் மாபெரும் வீரர் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை; அலியைவிடவும் ராபின்சனைவிடவும் அவரை மேலே ஏற்றுவதற்கு அந்தப் பூஜ்யத்தைக் காரணமாகக் காட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. அடுத்த வாரம் வரும்போது 2002 ஏப்ரலில் நடந்த காஸ்டில்யோ சண்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வர்ணனையின் ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு ரவுண்டும் முடிந்த உடனே, அடுத்த மணி அடிப்பதற்குள் புள்ளியை எழுதிவிடுங்கள். பிறகு அடித்துத் திருத்தாதீர்கள். கைத்தட்டலைப் பார்க்காமல், சுத்தமாகப் பட்ட குத்து யாருடையது என்பதை மட்டும் பாருங்கள். உங்கள் தாளையும் என் தாளையும் அதே டீக்கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏழாவது ரவுண்டிலிருந்து பேசத் தொடங்கலாம்.